யார் திறந்தார் என்று பார்க்காதீர்கள்

மின்மடல் அனுப்பும் தமிழ் இதழ்களுக்கும் சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் உதவிக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

உங்கள் மடல்கள் எனக்குத் தவறாமல் வருகின்றன. சிற்றிதழின் புதிய இதழ் அறிவிப்பு, நூல் வெளியீட்டு அழைப்பு, சட்ட உதவி முகாம், வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா என்று எல்லாவற்றையும் படிக்கிறேன். பிடித்ததை நண்பர்களுக்கும் அனுப்பி வைக்கிறேன். கையில் பெரிய பணம் இல்லாமல், வேலை முடிந்த மாலை நேரங்களில் நாலைந்து பேர் உட்கார்ந்து இவற்றைத் தயாரிக்கிறீர்கள் என்பதும் தெரியும். அந்த உழைப்பின் மேல் உள்ள மதிப்பினால்தான் ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் மடலை யார், எப்போது, எங்கிருந்து திறந்தார்கள் என்று கண்காணிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

"நாங்கள் யாரையும் கண்காணிக்கவில்லையே" என்று உங்களில் பலர் சொல்வீர்கள். மனமறிந்து செய்யவில்லை என்பதை நம்புகிறேன். மொத்தமாக மடல் அனுப்பித் தரும் சேவைகள் பெரும்பாலானவற்றில், கணக்குத் தொடங்கிய நாளிலிருந்தே அந்த வசதி ஓடிக்கொண்டிருக்கும். நீங்களாகப் போய் அணைத்தால்தான் நிற்கும்.

ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, உங்கள் அமைப்பிலிருந்து உங்களுக்கே வந்த மடல் ஒன்றை எடுங்கள். மடலின் வலப்பக்க மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால், மடலின் மூலத்தைக் காட்டும் தெரிவு இருக்கும். உள்ளே போனால் புரியாத குறிகள் பக்கம் பக்கமாக ஓடும். பொறுமையாகக் கடைசிவரை இறங்குங்கள். அகலம் 1, உயரம் 1 என்று குறித்த ஒரு படத்தின் முகவரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சில சேவைகள் அதை மேலேயே வைத்துவிடுகின்றன. அந்த முகவரியின் முடிவில் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட சரம் தொங்கும். உங்களுக்கு வந்த மடலில் ஒரு சரம். அதே மடல் உங்கள் பொருளாளருக்குப் போயிருந்தால் அதில் வேறொரு சரம். ஆயிரம் பேருக்கு அனுப்பினால் ஆயிரம் சரங்கள்.

படம் என்று சொன்னேனே தவிர, அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு பிக்சல், அதுவும் நிறமற்றது. 43 பைட்டில் அடங்கிவிடும். அது மடலோடு சேர்ந்து வருவதும் இல்லை. வாசகர் மடலைத் திறந்ததும் அவருடைய மெயில் ஆப், மடலில் உள்ள படங்களையெல்லாம் காட்ட வேண்டும் என்பதற்காக அந்தந்த சர்வருக்குப் போய்க் கேட்கிறது. இந்த ஒற்றைப் பிக்சலையும் கேட்கிறது. கேட்ட மாத்திரத்தில் சர்வர் குறித்துக்கொள்கிறது: எந்தச் சரம், அதாவது எந்த ஆள், எந்த நேரம், எந்த ஐபி முகவரி, கைபேசியா கணினியா. ஐபி முகவரியிலிருந்து ஏறக்குறைய எந்த ஊர், எந்த நிறுவனத்தின் இணைய இணைப்பு என்று சொல்லிவிடலாம். அலுவலகத்தில் உட்கார்ந்து திறந்தால் பல சமயம் நிறுவனத்தின் பெயரே தெரிந்துவிடும். வாசகர் எதையும் அழுத்தவில்லை. யாருக்கும் பதில் போடவில்லை. படித்தார், அவ்வளவுதான்.

பழைய பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை ஒன்று இணைந்திருக்கும். தபால்காரர் அதை நீட்டுவார், நாம் கையெழுத்துப் போடுவோம், அது அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும். கையெழுத்துப் போடுகிறவருக்குத் தான் போடுவது தெரியும். உறைக்குள் இருப்பதைப் படித்தாரா, எங்கே உட்கார்ந்து படித்தார், எத்தனை முறை எடுத்துப் படித்தார் என்றெல்லாம் அந்த அட்டை சொல்லாது. மின்னஞ்சலிலும் இப்படியொரு நாகரிகமான ஏற்பாடு உண்டு. 1998-இலேயே வாசிப்பு ஒப்புகைக்கென்று ஒரு தரநிலை வகுத்தார்கள். ஒப்புகை கேட்டு மடல் வந்திருக்கிறது, அனுப்பட்டுமா என்று வாசகரிடம் கேட்டு, அவர் சரி என்றால் அனுப்புவதுதான் அதன் நடைமுறை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாசகர் கையில் இருந்தது. ஒற்றைப் பிக்சல் அந்தக் கேள்வியையே இல்லாமல் ஆக்கிவிட்டது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். எட்வர்ட் கேலகர் அமெரிக்கக் கடற்படையின் சீல் படைப் பிரிவைச் சேர்ந்தவர். இராக்கின் மோசூல் நகரில் 2017-இல் காயமடைந்து பிடிபட்ட ஒரு கைதியைக் கொன்றார் என்பது அவர் மேல் இருந்த முக்கியக் குற்றச்சாட்டு. சான் டியாகோவில் ராணுவ நீதிமன்ற விசாரணை நடந்தது. வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்திருந்த ஆவணங்கள் பத்திரிகைகளுக்குக் கசிந்தன. யார் கசியவிட்டது என்று கண்டுபிடிக்க அரசுத் தரப்பு ஒரு வேலை செய்தது. 2019 மே மாதம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கும் அவர்களுடைய உதவியாளர்களுக்குமாகப் பதின்மூன்று பேருக்கும், இந்த வழக்கைப் பற்றி எழுதிவந்த நேவி டைம்ஸ் இதழின் ஆசிரியர் ஒருவருக்கும் மின்னஞ்சல்கள் போயின. அரசுத் தரப்பு வழக்கறிஞரின் கையொப்பத்துக்குக் கீழே அதுவரை இல்லாத ஒரு சின்னம் புதிதாக இருந்தது. அமெரிக்கக் கொடி, நீதித் தராசு, அதன் மேல் அமர்ந்த கழுகு. அந்தப் படம் சான் டியாகோவில் இருந்த ஒரு சர்வரிலிருந்து இறங்குவதாக இருந்தது. மடலை யார் திறக்கிறார்கள், யாருக்கு அனுப்பி வைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அது.

பெரிய படமாக இருந்ததால்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் கண்ணில் பட்டது. ஒரு பிக்சலாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கட்சிக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் இடையிலான பேச்சில் அரசு மூக்கை நுழைத்துவிட்டது என்று அவர்கள் நீதிபதியிடம் முறையிட்டார்கள். நீதிபதி கேலகரைக் காவலிலிருந்து விடுவித்தார். ஜூன் 3-ஆம் தேதி தலைமை அரசு வழக்கறிஞரையே வழக்கிலிருந்து நீக்கினார். விசாரணை தொடங்கவிருந்த நேரம் அது. கேலகர் குற்றவாளியா இல்லையா என்பது வேறு விஷயம். அந்த வழக்கின் முடிவைப் பற்றி அமெரிக்காவில் இன்னமும் கசப்பு இருக்கிறது. ஒரு படத்தை இறக்கிக் காட்டும் சாதாரணச் செயலுக்கு ஒரு கொலை வழக்கின் போக்கையே குலைக்கும் பலம் இருக்கிறது என்பதைத்தான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். உங்கள் மடல் அனுப்பும் சேவை பயன்படுத்துவதும் இதே தொழில்நுட்பம்தான்.

பத்திரிகையாளர்களைக் குறிவைத்தது அது முதல் முறையும் அல்ல. ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலிருந்து செய்தி கசிந்தபோது, அந்த நிறுவனம் அமர்த்திய துப்பறிவாளர்கள் சிநெட் செய்தித் தளத்தின் நிருபர் ஒருவருக்குப் பொய்ப் பெயரில் மின்னஞ்சல் அனுப்பினார்கள். நிறுவனத்துக்குள் இருந்து துப்புக் கொடுக்கிறவர் போன்ற தோரணையில் எழுதிய மடல் அது. அதன் இணைப்பில் தடமறியும் கருவியை வைத்திருந்தார்கள். நிருபர் அதை யாருக்கு அனுப்புகிறார் என்று பார்ப்பது நோக்கம். 2006-இல் விஷயம் வெளியே வந்து, நிறுவனத்தின் தலைவர் பட்ரிசியா டன் பதவி விலக நேர்ந்தது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. உங்களில் இதழ் நடத்துகிறவர்களும் செய்தியாளர்களும் இருப்பதால் இதைக் கூடுதலாகச் சொல்கிறேன். செய்தி தருகிறவரைக் காப்பதைத் தொழில் தர்மமாகக் கொண்டவர்கள், செய்தி படிக்கிறவரைத் தாமே பின்தொடரலாமா?

"நாங்கள் பார்ப்பதில்லை, அது சும்மா அங்கே கிடக்கிறது" என்றும் ஒரு பதில் உண்டு. நீங்கள் பார்ப்பதில்லை என்றாலும் அது சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அதுவும் உங்களிடம் இல்லை, நீங்கள் அமர்த்திய சேவையின் சர்வரில் இருக்கிறது. அங்கிருந்து அது வேறு கைக்குப் போகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்தத் துறையில் பெரிய பெயரான மெயில்சிம்ப், தன் ஊழியர்களை ஏமாற்றி வெளியாள் ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டதாகவும், 133 வாடிக்கையாளர் கணக்குகளின் விவரங்கள் அணுகப்பட்டதாகவும் 2023 ஜனவரியில் தானே அறிவித்தது. அப்படி அணுகப்படும் ஒரு கணக்கு, எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கிறவர்களுக்கு உதவும் அமைப்பின் கணக்காக இருந்தால்? பெயர்ப் பட்டியல் வெளியே போவதே கொடுமை. மருந்து கிடைக்கும் இடங்களைப் பற்றிய மடலை இன்னார் இரவு இரண்டு மணிக்கு இன்ன ஊரிலிருந்து மூன்று முறை திறந்தார் என்பதும் கூடவே போக வேண்டுமா? தொழிற்சங்க மடலைத் தொழிலாளி ஒருவர் கம்பெனி இணைப்பிலேயே திறந்திருந்தால், அதுவும் அந்தப் பதிவில் இருக்கும்.

உங்கள் மடலில் உள்ள படங்கள் உங்கள் சேவையின் சர்வரோடு மட்டும் பேசுவதாக நினைக்க வேண்டாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் 900-க்கும் மேற்பட்ட தளங்கள் அனுப்பிய 12,618 மடல்களைச் சேகரித்து ஆராய்ந்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவரான அரவிந்த் நாராயணன் சென்னை ஐஐடியில் படித்தவர். மடலைத் திறந்த மாத்திரத்தில் வாசகரின் மின்னஞ்சல் முகவரி சம்பந்தமே இல்லாத மூன்றாம் நிறுவனங்களுக்குக் கசிவதை, ஏறத்தாழ 30 விழுக்காடு மடல்களில் கண்டார்கள். முகவரி நேரடியாகவும் போகும், குறியீடாக மாற்றப்பட்டும் போகும். குறியீடாக்கினாலும் ஒரு முகவரிக்கு எப்போதும் ஒரே குறியீடுதான் வரும் என்பதால், விளம்பர நிறுவனங்கள் அதை வைத்தே ஆளை அடையாளம் காணும். வாசகர் பார்க்கும் கடையும், படிக்கும் செய்தியும், உங்கள் மடலும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும்.

மெயில் ஆப் செய்கிறவர்கள் கொஞ்சம் தடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் படங்களைத் தானாக இறக்காமல் நிறுத்திவைக்கும் வழக்கத்தை அவுட்லுக் 2003-இல் கொண்டுவந்தது. தண்டர்பேர்ட் இன்றும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஜிமெயில் 2013 டிசம்பரில் வேறு பாதைக்குப் போனது. படங்களை கூகுளே தன் சர்வர் வழியாக வாங்கித் தரும், ஆகவே இனிக் கேட்காமலே காட்டலாம் என்று முடிவெடுத்தது. இதனால் வாசகரின் ஐபி முகவரி மறைந்தது உண்மை. ஆனால் ஆளுக்கொரு சரம் இருக்கும்வரை, இன்னார் இந்த நேரத்தில் திறந்தார் என்ற தகவல் போய்க்கொண்டேதான் இருக்கிறது. முன்பு அனுமதி கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் இப்போது கேள்வியே இல்லை என்பதால், ஒரு வகையில் அனுப்புகிறவர்களுக்கு வசதிதான் கூடியது.

ஆப்பிள் 2021 செப்டம்பரில் இன்னும் துணிந்து ஒன்றைச் செய்தது. ஐஓஎஸ் 15 கைபேசிகளில் பாதுகாப்பு வசதியைத் தேர்ந்தவர்களுக்கு, மடல் வந்ததும் படங்களைப் பின்னணியில் ஆப்பிளே இறக்கி வைத்துவிடுகிறது. வாசகர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் இறக்கிவிடுகிறது. ஆகவே உங்கள் சேவை, திறக்காதவரையும் திறந்தவர் என்று எண்ணிக்கொள்கிறது.

இப்போது உங்கள் மாதாந்தர அறிக்கையில் வரும் ஓப்பன் ரேட்டை, அதாவது மடலைத் திறந்தவர்களின் விழுக்காட்டை, யோசியுங்கள். ஐபோனில் அந்தப் பாதுகாப்பைத் தேர்ந்தவர் உங்கள் மடலைத் தொடாமலே அழித்தாலும் கணக்கில் ஏறுகிறார். படங்களை நிறுத்திவைத்துவிட்டு எழுத்தை வரி விடாமல் படிக்கிறவர் கணக்கில் வருவதே இல்லை. இந்த எண்ணை நம்பி, ஆறு மாதமாகத் திறக்காதவர்கள் என்று ஒரு பட்டியல் எடுத்து, அவர்களை நீக்கிவிடும்படி அந்தச் சேவைகளே ஆலோசனை சொல்லும். அந்தப் பட்டியலில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர், உங்கள் மடலை மிகுந்த அக்கறையோடு படிக்கிறவர்கள். தங்கள் அந்தரங்கத்தைக் காத்துக்கொண்ட ஒரே காரணத்துக்காக அவர்களை வெளியேற்றுகிறீர்கள். நிதி தருகிறவர்கள் இந்த எண்ணைக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களிடம் இந்த உண்மையைச் சொல்லுங்கள். பொய்யான எண்ணைக் கொடுத்து உதவி பெறுவதைவிட, எத்தனை பேர் பதில் எழுதினார்கள், முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்வது கௌரவமானது.

நம் ஆட்களிடம் அதிகம் பார்க்கும் ஒரு வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விழா அழைப்பிதழை அழகாக வடிவமைத்து, அதை ஒரே படமாக மடலில் ஒட்டி அனுப்புகிறோம். தமிழ் எழுத்துரு அடுத்தவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. யூனிகோடு வந்து எல்லாக் கைபேசியிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிகிற இந்தக் காலத்திலும் அது தொடர்கிறது. படங்களை நிறுத்தி வைத்திருக்கும் வாசகருக்கு அந்த மடல் வெற்றுப் பெட்டியாக வருகிறது. நிகழ்ச்சி எந்த மண்டபத்தில், எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டுமென்றால் அவர் படங்களைக் காட்டச் சொல்லியே ஆக வேண்டும். சொன்ன நொடியில் அழைப்பிதழோடு அந்த ஒற்றைப் பிக்சலும் இறங்கிவிடும். பார்வையற்ற வாசகருக்கோ, திரைவாசிப்பான் அந்தப் படத்தில் உள்ளதைப் பெரும்பாலும் படித்துச் சொல்லாது. இடத்தையும் நேரத்தையும் எழுத்தாகவே எழுதுங்கள். படம் வேண்டுமென்றால் மடலுக்குள்ளேயே இணைத்து அனுப்பலாம். அப்படி இணைத்த படத்துக்காக ஆப் எந்த சர்வருக்கும் போக வேண்டியதில்லை.

சட்டத்தையும் கொஞ்சம் பார்ப்போம், மிரட்டுவதற்காக அல்ல. அந்தரங்க உரிமை என்றதும் 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அளித்த தீர்ப்பு நினைவுக்கு வரும். அதற்கு 23 ஆண்டுகள் முன்பே, 1994-இல், ஒரு தமிழ் இதழ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பேசிவிட்டது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட நக்கீரன் முயன்றபோது எழுந்த வழக்கு அது. அரசு முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது என்று இதழுக்குச் சாதகமாகச் சொன்ன அதே தீர்ப்பு, தன்னைத் தன்போக்கில் விட்டுவிடும்படி கோரும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றும் சொன்னது. எழுதுகிறவரின் உரிமையும் எட்டிநின்று வாழ்கிறவரின் உரிமையும் ஒரே தீர்ப்பில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் நிலைபெற்றன. தமிழ் இதழ்கள் இதைப் பெருமையாக நினைக்கலாம்.

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது விவரம் தெரிந்து, தெளிவாக, தானாக முன்வந்து தருவதாக இருக்க வேண்டும் என்கிறது. எந்தத் தரவு, எதற்காக என்ற அறிவிப்பைத் தமிழிலும் பெறும் வழி வாசகருக்கு இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் மடல் பாரிஸுக்கும் பெர்லினுக்கும் போகுமானால் ஐரோப்பிய விதிகளையும் நினைவில் வையுங்கள். மின்னஞ்சலில் வைக்கும் தடமறியும் பிக்சல்கள், குக்கீகளுக்குச் சம்மதம் கேட்கும் அதே விதிக்குள் வருகின்றன என்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. உங்கள் மடலில் சேரும் படிவத்தில் இப்படிக் கண்காணிப்போம் என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா? நான் சேர்ந்த மடல்கள் எதிலும் பார்த்ததில்லை.

மனம் வைத்தால் இதைச் சில நாட்களிலேயே மாற்றிவிட முடியும். சூப்பர்ஹியூமன் என்ற மின்னஞ்சல் செயலி, அனுப்புகிறவருக்கு வாசகர் எங்கிருந்து, எத்தனை முறை திறந்தார் என்று காட்டிக்கொண்டிருந்தது. 2019 ஜூன் இறுதியில் மைக் டேவிட்சன் என்ற வடிவமைப்பாளர் அதைக் கண்டித்து விரிவாக எழுதினார். தன் முன்னாள் துணைவர் எங்கே இருக்கிறார் என்று வேவு பார்க்க ஒருவருக்கு இது போதும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஜூலை 3-ஆம் தேதி நிறுவனத்தின் தலைவர் ராகுல் வோரா மன்னிப்புக் கேட்டார். இருப்பிடம் காட்டும் வசதியை எடுத்தார். சேர்த்துவைத்திருந்த இருப்பிடத் தகவல்களையும் அழிப்பதாகச் சொன்னார். வாசிப்பு நிலையைக் காட்டும் வசதி முழுதாகப் போகவில்லை, தானாக இயங்குவது மட்டும் நின்றது. அரைகுறைத் திருத்தம்தான். ஆனாலும் லாபத்துக்கு நடக்கும் ஒரு நிறுவனம் நாலைந்து நாளில் இவ்வளவு செய்ய முடிந்ததென்றால், சேவைக்காக நடக்கும் உங்களுக்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

மொத்தம் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையாவது வேண்டும் என்று நினைத்தால் அதற்கும் வழி இருக்கிறது. பெங்களூரின் ஜெரோதா நிறுவனத்தில் உருவான லிஸ்ட்மாங்க் என்ற கட்டற்ற மென்பொருளில், மொத்தத் திறப்புகளை எண்ணலாம், ஆனால் ஆளோடு சேர்த்து எண்ணும் வசதி நீங்களாக இயக்கினால்தான் இயங்கும். சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ள வேண்டியது என்பதால் கணினி தெரிந்த ஒருவர் தேவை. நம் அமைப்புகளில் அப்படி ஒருவர் எப்படியும் இருக்கிறார்.

வாசகர்களே ஜிமெயில் செட்டிங்ஸில் போய், வெளிப்படங்களைக் காட்டும் முன் கேட்கச் சொல்லலாமே என்று சிலர் சொல்வதுண்டு. சொல்லலாம், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் பேரன் வாங்கிக்கொடுத்த கைபேசியில் உங்கள் இதழைப் படிக்கும் எழுபது வயது வாசகர் அந்தப் பக்கம் போகமாட்டார். அவருக்காக அதை அணைக்கக்கூடியவர் நீங்கள் மட்டும்தான்.

அடுத்த மடலை அனுப்புவதற்கு முன் உங்கள் சேவையின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, திறப்பைக் கண்காணிக்கும் பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். லிங்க்குகளை யார் அழுத்தினார் என்று கண்காணிக்கும் பெட்டியும் பக்கத்திலேயே இருக்கும், முடிந்தால் அதையும். சில சேவைகள் இதற்கு இடம் தருவதில்லை. அப்படியானால் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள், மறுத்தால் மாறுங்கள். பிறகு இத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் திறப்புப் பதிவுகளை அழிக்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் செய்தீர்கள் என்று மடலின் அடியில், அந்தப் பிக்சல் இருந்த இடத்தில், ஒரு வரி தமிழில் எழுதுங்கள். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறதென்று பிடிபடாவிட்டால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து உட்கார்ந்து தேடிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் மடல்களின் வாசகர் ஒருவர்